வாசனை காட்டி ஏமாற்றும் மரம்

வணக்கம் நேயர்களே. ஈழத்தலரி என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. ஐந்து இதழ், வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கிளையை ஒடித்தால் பால் வடியும் என்றால் "அட, அதுவா!" என்பீர்கள். இந்தப் பேரினத்துக்கு ப்ளூமேரியா என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரீபியத் தீவுகளுக்கு மூன்று முறை போய்ச் செடிகொடிகளை வரைந்து வந்த ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வைத்த பெயர். தமிழ்ப் பெயரில் ஈழம் இருந்தாலும் மரத்தின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம்தான்.

சரி, ஏமாற்று வேலைக்கு வருவோம். இந்தப் பூவின் வாசனை இரவில்தான் தூக்கல், ஏனென்றால் அது நமக்காக இல்லை, இருட்டில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிக்காக. அதுவும் நம்பி வந்து, நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் துழாவுகிறது, உள்ளே தேன் ஒரு சொட்டுகூடக் கிடையாது, ஏமாந்துபோய் அடுத்த பூவுக்குப் போனால் அங்கும் அதே கதை, இதற்குள் மகரந்தம் மட்டும் இடம் மாறிவிடுகிறது! எத்தனை முறைதான் ஏமாறும்? மரம் நிறையப் பூத்தாலும் காய் அபூர்வம். காய்த்தால் கொம்பு மாதிரி இரண்டிரண்டாக நிற்கும், வெடித்தால் உள்ளே இறக்கை வைத்த விதைகள்.

வகை தெரிய பூவைவிட இலையைப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் பெரும்பாலும் ரூப்ரா, மழுங்கி உருண்டிருந்தால் அப்டூசா. படமெடுத்த பாம்பு மாதிரி இலை என்றால் பூடிகா, அதில் வாசனையை எதிர்பார்க்காதீர்கள். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி அப்பியிருந்தால் அது துரு நோய், அந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

அப்புறம், பதியம் எல்லாம் வேண்டாம், கிளையை வெட்டி நட்டாலே போதும். ஆனால் என்னை மாதிரி அவசரப்படாதீர்கள். பால் சொட்டச் சொட்ட நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாள் கழித்து அழுத்திப் பார்த்தால் அடித்தண்டு கூழ். அதே மரத்தில் வெட்டிய இன்னொரு கிளை, நான் மறந்தே போனது, நிழலில் ஒரு மூலையில் வெட்டுவாய் காய்ந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. போனால் போகட்டும் என்று மணலில் குத்தி வைத்தேன். அது இலை விடும் முன்பே நுனியில் மொட்டு விட்டது.