ஏரி புரளும் நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்நாட்டுப் பெரிய ஏரிகளில் இலையுதிர் காலத்தில் தூண்டில் போடுவதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இரையைப் பற்றியும் முள்ளின் அளவைப் பற்றியும் கேட்கக் காத்திருப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பருவத்தில் என் படகிலிருந்து முதலில் நீரில் இறங்குவது தூண்டில் அன்று, வெப்பமானி. ஈயக்குண்டு கட்டிய புட்டிக்குள் அதை வைத்து, வாயைத் தக்கையால் இலேசாக அடைத்து, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குவேன். வேண்டிய ஆழத்தில் கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் புட்டியில் நிறைகிறது. மேலே இழுத்து எடுக்கும்வரை அதன் குளிர்ச்சி பெரும்பாலும் மாறுவதில்லை.

கோடையின் இறுதியில் இப்படி அளந்தபோது, மேற்பரப்பில் 20 பாகை செல்சியஸ் இருந்தது. பத்தாவது முடிச்சு வரை ஏறக்குறைய அதே அளவு. அதற்குக் கீழே நான்கே முடிச்சுகளுக்குள் 10 பாகைக்கு இறங்கிவிட்டது. வெயிலில் சூடேறிய இலேசான நீர் மேலே மிதக்க, கனத்த குளிர்நீர் அடியில் தங்க, இரண்டும் கலவாமல் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வளமான ஏரிகளில் அடிநீரின் ஆக்சிஜனை மட்கும் பாசியும் சேறும் தின்றுவிடுவதால், கோடை முழுவதும் மீன்கள் மேல் அடுக்கிலும் அதன் விளிம்பிலுமே உலவுகின்றன. ஆகவே கோடைத் தூண்டில்காரருக்கு ஆழத்தைப் பற்றிய குழப்பம் அதிகமில்லை.

இரவுகள் குளிரத் தொடங்கியதும் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே அமிழ்கிறது. இரு அடுக்குகளின் வெப்பமும் நெருங்கி வரும் வேளையில் பலத்த காற்று ஒன்று அடித்தால் போதும், ஏரி அடியோடு புரண்டுவிடும். நீர் கலங்கிப் பழுப்பேறும். அடிச்சேற்றின் அழுகல் வாடை மூக்கில் ஏறும். மட்கிய செடித் துணுக்குகள் தூண்டில் நரம்பில் வந்து சுற்றிக்கொள்ளும். அந்த நாட்களில் தூண்டில் பெரும்பாலும் அசையாது. இரையை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்தான். குற்றம் இரையின் மேல் இல்லை. பெரிய ஏரியின் நல்ல குணம், அது எல்லா இடத்திலும் ஒரே நாளில் புரள்வதில்லை என்பது. ஆழம் குறைந்த வளைகுடாக்கள் முன்னதாகக் குளிர்ந்து கலந்து தெளிந்துவிடுகின்றன. நடு ஏரி வாரக்கணக்கில் பின்தங்குகிறது. கலங்கிய இடத்தில் பிடிவாதமாக உட்கார்ந்திராமல், வெப்பமானி வேறு கதை சொல்லும் இடத்துக்குப் படகைத் திருப்புவதே அறிவுடைமை.

புரட்டல் முடிந்தபின் ஆக்சிஜன் அடிவரை சென்றுவிடுகிறது. மீனும் எந்த ஆழத்திலும் இருக்கலாம். வசந்தத்தில் முட்டையிடும் பைக், பெர்ச் போன்ற மீன்களுக்குக் கருமுட்டைகள் இப்போதே வளரத் தொடங்குவதால், பருத்த பெண் பைக்குகள் வாடாத நீர்ச்செடிகளின் ஓரத்தில் இரைக்காகக் காத்திருக்கும். ஏரி ட்ரவுட் என்ற மீனின் வழக்கம் வேறு. அது இலையுதிர் காலத்திலேயே, பெரும்பாலும் இரவில், பாறைத் திட்டுகளின் மேல் கூடி முட்டையிடுகிறது. முட்டைகள் கல்லிடுக்குகளில் விழுந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பல இடங்களில் அப்போது அதைப் பிடிக்கத் தடையுண்டு. தடை இல்லாத இடத்திலும் அந்தத் திட்டுகளின் மேல் தூண்டில் போடுவது எனக்கு ஒப்பாத செயல்.

ஆழத்தில் பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெர்ச்சின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு திறப்பு இல்லை. பத்து மீட்டருக்கும் கீழிருந்து விரைவாக இழுத்தால் பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். அதைத் திரும்ப நீரில் விட்டாலும் வயிறு மேலாக மிதக்கும். விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிப்பவர்கள் அந்த ஆழத்தைத் தவிர்ப்பது நல்லது.

இனிக் காற்று. நீர் இன்னும் கோடையின் வெப்பத்தைச் சுமந்திருக்க, அதன்மேல் குளிர்காற்று வந்து மோதும் பருவம் இது. பெரிய ஏரியில் அலை எழும்ப அதிக நேரம் பிடிப்பதில்லை. 1975 நவம்பர் 10 அன்று வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தனர். நம்முடையதோ ஐந்து மீட்டர் படகு. குளிர்நீரில் தவறி விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் இறைக்கும். உயிர்காப்பு மேலங்கியை அப்போது தேடி மாட்ட முடியாது, கரையிலேயே மாட்டிப் பொத்தானிட்டிருக்க வேண்டும். நவம்பரில் கரை மரங்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாத தொலைவுக்கு நான் படகைச் செலுத்துவதில்லை, அங்கே எவ்வளவு பெரிய பைக் இருந்தாலும். நன்றி, வணக்கம்.