தட்டு சுடுவோருக்கு ஏற்ற கண்ணாடி

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கண்ணாடி வில்லை இருக்கிறது. வலது கண்ணுக்கானது. அதன் நடுவே ஓர் அரிசி நீளத்துக்குக் கீறல். பல வருடங்களுக்கு முன், எந்திரம் வானில் எறியும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் 'ஸ்கீட்' போட்டிக் களத்தின் எட்டாவது நிலையில் நின்றேன். நான் சுட்டு உடைத்த தட்டின் சில்லு ஒன்று காற்றில் திரும்பி வந்து பட்ட இடம் அது. வில்லை இல்லாதிருந்தால் அந்தக் கீறல் என் கருவிழியில் விழுந்திருக்கும். கண்ணுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி பொருத்துவது என் தொழில். துப்பாக்கி சுடுபவர் யார் வந்தாலும், அந்த வில்லையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

இந்தத் தட்டுக்குக் களிமண் புறா என்று பெயரே தவிர, இன்று அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. இப்போது சுண்ணாம்புக்கல் தூளும் தார் போன்ற கீலும் சேர்த்து வார்த்த தட்டுதான். 110 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 105 கிராம் எடை. தில்லி துக்ளகாபாதில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் சுடுகளத்துக்குப் போனால் இந்தத் தட்டுகள் சிதறுவதைப் பார்க்கலாம். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'டிராப்' என்ற தட்டு சுடும் பிரிவில் சுட்டது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதன்பிறகு இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்கும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்தக் கலர் கண்ணாடி வாங்கலாம்?"

நிறத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வில்லை எதைத் தாங்கும் என்று பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் அந்தத் துண்டுகளே கண்ணுக்குள் போகும். அதனால் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்ற, எளிதில் உடையாத பிளாஸ்டிக் வில்லைதான் வேண்டும். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. சட்டத்திலும் (ஃபிரேம்) வில்லையிலும் தர முத்திரை இருக்க வேண்டும். பல ஆண்டுகள் வழக்கிலிருந்த ஐரோப்பியத் தரமான இஎன் 166-இல் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதியும் அது தாங்கியிருக்கிறது என்று பொருள். மணிக்கு 162 கிலோமீட்டர். உலகின் மிக வேகமான கிரிக்கெட் பந்துவீச்சாளர்கள் எட்டிப்பிடித்த வேகத்துக்கு ஏறத்தாழ இணை. அமெரிக்கத் தரத்தில் 'இசட் 87' என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டல் குறி இல்லாதது வேகமான மோதலுக்குச் சோதிக்கப்படாதது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி வாயிலிருந்து ஈய ரவை, அதாவது சிறு ஈயக் குண்டுகள், ஏறத்தாழ நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பக்கத்தில் நின்று நேராகச் சுட்டால் அதைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி கிடையாது. தட்டுச் சில்லு, தூரத்திலிருந்து வலுவிழந்து வரும் ரவை, எரியாத வெடிமருந்துத் துகள், பக்கத்தில் சுடுபவரின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் காலித் தோட்டா, இவற்றுக்குத்தான் இந்தக் காப்பு. கண்ணாடி போட்டிருக்கிறோம் என்று குழலின் திசையில் அசட்டையாக இருக்கக் கூடாது.

அடுத்து வருவதுதான் பலரும் கவனிக்காத விஷயம். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள். தலை சற்று முன்னால் சாய்கிறது, இல்லையா? இப்போது உங்கள் கண் வில்லையின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கவில்லை. வலதுகைக்காரர் என்றால், வலது வில்லையின் மேற்பகுதியில், மூக்கை ஒட்டிய மூலை வழியாகப் பார்க்கிறீர்கள். அன்றாடம் போடும் கண்ணாடியில் அந்த மூலையில் என்ன இருக்கும்? சட்டத்தின் விளிம்பு. தட்டு மேலெழும்பும் அந்த நொடியில் ஒரு கறுப்புக் கோடு குறுக்கே நிற்கும். "தட்டு திடீரென்று காணாமல் போகிறது" என்று என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பார்வையில் குறையே இல்லை. சட்டம் தாழ்வாக இருந்தது, அவ்வளவுதான். அதனால் புருவத்துக்கு மேல் வரை வில்லை உயர்ந்து நிற்கும் சட்டம், ஏற்றி இறக்கக்கூடிய மூக்குத் தாங்கி, இரண்டும் அவசியம்.

பவர் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வில்லையின் ஒளி மையத்தை, சுடும்போது கண் நிற்கும் இடத்துக்கு உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பாலிகார்பனேட்டில் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் பொருளின் ஓரத்தில் மெல்லிய வண்ண நிழல் படியும். பவர் கூடக் கூட நிழலும் கூடும். டிரைவெக்ஸில் இது குறைவு. விலை கூடுதல்தான் என்றாலும், பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அதையே எழுதித் தருகிறேன்.

அளவெடுக்கப் போகும்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போக முடியாது. ஒரு குடையை எடுத்துப் போங்கள். தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் காட்டுங்கள். அந்த நிலையிலேயே பொருத்துபவர் புள்ளி குறிக்கட்டும். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். காதடைப்பானையும் மாட்டிப் பாருங்கள். கண்ணாடியின் கை தடிமனாக இருந்தால் காதடைப்பானின் மெத்தை தூக்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் வெடிச்சத்தம் உள்ளே புகும்.

இப்போது நிறம். பெரும்பாலான தட்டுகள் ஆரஞ்சு நிறம். பின்னால் வெறும் நீலவானம் என்றால் தேன் நிற வில்லை நீலத்தை அடக்கித் தட்டை எடுத்துக் காட்டும். பின்னால் பச்சை மரங்கள் என்றால் ஊதா கலந்த வில்லை பச்சையை அடக்கும். பனி மூட்டமான காலைக்கு மஞ்சள். சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்தறிய முடியாதவர்கள் யார் பேச்சையும் கேட்காமல், களத்தில் மாற்றி மாற்றிப் போட்டுத் தங்கள் கண்ணாலேயே தீர்மானிக்க வேண்டும். ஆனால் யாராக இருந்தாலும் இருண்ட வில்லை வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் கண்பாவை விரியும். விரிந்தால் கூர்மை குறையும். தட்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும் அளவுக்கு எது மிக வெளிரிய நிறமோ, அதுவே உங்களுக்கானது. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லையும் களத்துக்கு உதவாது. மேகம் மூடினால் அது வெளுத்துத் தெளிய சில நிமிடங்கள் பிடிக்கும். தட்டு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

வியர்வையும் தூசியும் படிந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீரில் அலசுங்கள். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், மணல் உரசலைத் தாங்காது.

இன்னொன்று. சுடுபவருக்கு மட்டும் ஒரு கண்ணாடி வாங்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பின்னால் நிற்கும் நடுவர், எந்திரத்தில் தட்டு நிரப்பும் தொழிலாளி, அப்பா சுடுவதைப் பார்க்க வந்த குழந்தை, இவர்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் களத்துக்குப் போகும்போது பையில் நான்கைந்து நிறமில்லாத வில்லைக் கண்ணாடிகளைக் கூடுதலாக எடுத்துப் போகிறேன். கேட்பவருக்கும் தருகிறேன், கேட்கத் தெரியாதவருக்கும் தருகிறேன்.

வணக்கம்.