லெ புயி முதல் கோன்க் வரை

வணக்கம் நேயர்களே. பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறத்தைப் பற்றி, அதிலும் அங்குள்ள பழங்காலக் கட்டடங்களையும் நடைபாதைகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். முழு நாட்டையும் சுற்றிக் காட்ட எனக்குத் தெம்பில்லை, ஒரே ஒரு பாதையைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். லெ புயி ஆன் வெலே என்ற சிறு நகரத்தில் கிளம்பி, ஓப்ராக் மேட்டுநிலத்தைக் கடந்து, லோத் ஆற்றங்கரையோடு போய், கோன்க் என்ற மலைச்சரிவுக் கிராமத்தைச் சேருகிற பாதை அது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

காரில் போனால் அரை நாள் கூட ஆகாது. ஆனால் காரில் போகிறவருக்கு இங்கே ஒரு கோயில், அங்கே ஒரு பாலம் என்று எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். நடந்து போகிறவருக்குத்தான் அந்தப் பாலம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அந்தச் சத்திரம் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் காலில் உறைக்கும். நான் சொல்ல வந்ததே அதுதான்.

லெ புயி எரிமலைப் பூமி. ஊருக்கு நடுவே இறுகிப்போன எரிமலைப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அதில் ஒன்றின் உச்சியில், 268 படி ஏறினால், புனித மிக்கேல் சிற்றாலயம். இன்னொரு பாறையின் மேல் செந்நிறத்தில் ஒரு மாதா சிலை. கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பிடித்த பீரங்கிகளை உருக்கி 1860இல் வார்த்தது. எனக்கு அந்தச் சிலை மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. சிற்றாலயம் வேறு ரகம். அது 10ஆம் நூற்றாண்டில், கோதெஸ்கால்க் என்ற ஆயரின் காலத்தில் எழுந்தது. அவர்தான் 950ஆம் ஆண்டு வாக்கில் இங்கிருந்து கிளம்பி, இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும், ஸ்பெயினின் மேற்குக் கோடியில் இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போய் வந்தவர். பிரான்ஸிலிருந்து அங்கே போனவர்களில் பெயர் தெரிந்த முதல் சிலரில் அவர் ஒருவர். இன்றைக்கும் காலை ஏழு மணிப் பூசை முடிந்ததும், லெ புயி பேராலயத்தின் தளத்திலேயே ஒரு வழி திறக்கிறது. முதுகில் பையோடு யாத்திரிகர்கள் அந்தப் படிகளில் இறங்கி, நேரே தெருவுக்கு வருகிறார்கள். அந்தப் படிகளில்தான் அவர்கள் நடை ஆரம்பமாகிறது.

இது ஆயிரம் வருஷத்துப் பாதை என்று விளம்பரங்களில் போடுவார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய யாத்திரிகர்கள் நடந்த நெடுஞ்சாலைகள் பல இடங்களில் இன்று தார்ச்சாலைகள். இன்று நாம் நடக்கும் தடம் 1970களில் ஜி.ஆர். 65 என்ற பெயரில் குறித்து உருவாக்கப்பட்டது. ஜி.ஆர். என்றால் நெடுந்தூர நடைபாதை. இந்த முறையே 1947இல்தான் ஆரம்பித்தது. ழான் லுவாசோ என்பவர் அதற்கு முன்னோடி. இன்று நாடு முழுவதும் இப்படிக் குறியிட்ட பாதைகள் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கின்றன.

குறி என்றால் பெரிய பலகை ஒன்றும் இல்லை. மரத்திலோ, கல்லிலோ, மின்கம்பத்திலோ, மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. உள்ளங்கையால் மறைத்துவிடலாம். அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இதைப் பூசுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். ஆளுக்குச் சில கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டு, கம்பித் தூரிகையால் பட்டையின் பாசியைச் சுரண்டி, பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு வைத்து, முள்ளை வெட்டிக்கொண்டே போவார்கள். அப்படி ஒருவரை வழியில் பார்த்துப் பேசினேன். எங்கே கோடு போடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நடப்பவருக்கு எங்கே சந்தேகம் வருமோ அதற்குப் பத்தடி முன்னால்" என்றார்.

இந்தப் பாதைகள் தப்பித்ததே பெரிய விஷயம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, டிராக்டர் ஓட வசதியாக வயல்களை ஒன்றுசேர்த்தபோது, வேலிகளோடு சேர்ந்து கிராமத்து ஒற்றையடிப் பாதைகளும் ஏராளமாக அழிந்தன. 1983இல் வந்த ஒரு சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் தன் நடைபாதைகளைப் பட்டியல் போட வேண்டும் என்றது. பட்டியலில் ஏறிய பாதையை ஊர் நிர்வாகம் விற்க நினைத்தால், அதற்கு ஈடாக வேறு பாதை காட்ட வேண்டும். கோட்டைகளையும் கோயில்களையும் காப்பாற்றச் சட்டம் இருப்பது நமக்குத் தெரியும். மண்பாதைக்கும் அப்படி ஒரு காப்பு இருப்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

லெ புயியிலிருந்து சில நாள் நடையில் சோக் என்ற ஊர் வரும். ஜெவோடான் விலங்கு நடமாடிய பகுதி இது. 1764 முதல் 1767 வரை, மாடு ஆடு மேய்க்கப் போன பெண்களையும் பிள்ளைகளையும் ஏதோ ஒரு மிருகம் கடித்துக் கொன்றது. மன்னர் பதினைந்தாம் லூயி தன் துப்பாக்கிக்காரரையே அனுப்பினார். அவர் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிப் போனார், சாவு நிற்கவில்லை. கடைசியில் 1767 ஜூனில் ழான் ஷாஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் ஒன்றைச் சுட்ட பிறகுதான் ஓய்ந்தது. ஊரில் இதற்கு ஒரு காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் பாருங்கள்.

அப்புறம் ஓப்ராக். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற பரந்த புல்வெளி. மரம் அபூர்வம். தேன்நிறத்தில், கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி கறுத்த விளிம்புள்ள மாடுகள். மே கடைசியில் அவற்றுக்குப் பூவும் கொடியும் கட்டி, கழுத்து மணி குலுங்கக் கீழூர்களிலிருந்து மேலே ஓட்டி வருவார்கள். அங்கங்கே கல் கூரையோடு தாழ்ந்த கல்வீடுகள் தெரியும். அந்தக் காலத்தில் கோடைக்காலம் முழுக்க ஆண்கள் அங்கேயே தங்கிப் பாலாடைக்கட்டி செய்வார்கள். இன்று பெரும்பாலானவை ஆளில்லாமல் கிடக்கின்றன.

நாஸ்பினால் என்ற ஊரைத் தாண்டினால் பாதை நேராக இந்தப் புல்வெளிக்குள் போகிறது. வெயில் நாளில் சுகமான நடை. மூடுபனி இறங்கிவிட்டால் நிலைமை வேறு. அடுத்த கம்பம் கூடத் தெரியாது; வேலிக் கதவைத் திறந்து மூடும்போது மறுபக்கம் நிற்கும் மாட்டின் மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்கும். அந்தப் பனியில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்தால், ஓப்ராக் கிராமத்தில் ஏன் ஒரு பெரிய சத்திரம் கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1120 வாக்கில் அடலார் என்ற பிளாண்டர்ஸ் பிரபு அதை நிறுவினார். பனிப்புயலில் சிக்கிப் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று ஒரு கதை, கொள்ளையரிடமிருந்து தப்பியதற்கு என்று இன்னொரு கதை. அங்கே ஒரு மணி இருக்கிறது. அந்தக் காலத்தில் மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் துறவிகள் அதை அடிப்பார்கள். வழி தெரியாதவர்கள் சத்தம் வரும் திசையில் நடந்து வந்து சேருவார்கள். தொலைந்தவர்களின் மணி என்றே பெயர். "வழி தவறியோரைத் திரும்ப அழை" என்று லத்தீனில் அதில் பொறித்திருக்கிறது. சத்திரத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கோயிலும், 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றும் மிச்சம். அந்தக் கோபுரத்தில் இன்றும் நடப்பவர்கள் தங்குகிறார்கள்.

தங்குமிடம் என்றால் கீத் என்று சொல்லும் எளிய விடுதிகள். காலணியை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அந்த அலமாரியின் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே நீள மேசையில் சாப்பாடு. ஓப்ராக்கில் கட்டாயம் அலிகோ வரும். உருளைக்கிழங்கை மசித்து, புளிக்காத இளம் பாலாடைக்கட்டியைப் போட்டு, மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தால் அது கயிறாக இழுபடும். வீட்டுக்காரம்மா கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, கத்தரியால் வெட்டித் தட்டில் விட்டார். கூடவே தொத்திறைச்சி வைப்பார்கள். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் அலிகோ மட்டும்தான் கிடைக்கும். அதுவும் மோசமில்லை.

ஓப்ராக்கிலிருந்து பாதை கிடுகிடுவென்று இறங்குகிறது. முழங்கால் உள்ளவர்களுக்கு இது சோதனை. கீழே சான் ஷெலியில் ஒரு கல்பாலம். அதிலுள்ள சிலுவையில் மேலங்கியும் கையில் தடியுமாக ஒரு குட்டி யாத்திரிகன் செதுக்கப்பட்டிருக்கிறான். அவ்வளவு இறக்கத்துக்குப் பிறகு அவனைப் பார்க்கும்போது, நமக்கு முன்னால் இறங்கியவன் என்றுதான் தோன்றுகிறது. 1998இல் யுனெஸ்கோ இந்த யாத்திரைப் பாதைகளைப் பட்டியலில் சேர்த்தபோது, 71 கட்டடங்களோடு ஏழு பாதைத் துண்டுகளையும் சேர்த்தது. நாஸ்பினாலிலிருந்து சான் ஷெலி வரையுள்ள இந்த நடை அதில் ஒன்று. கட்டடம் மட்டுமல்ல, நடக்கிற மண்ணும் சொத்துதான் என்று ஒத்துக்கொண்டார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

லோத் ஆற்றங்கரையில் ஊர்கள் அழகானவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சான் கோமில் கோயில் கோபுரம் முறுக்கின மாதிரி நிற்கும். எஸ்பாலியோனில் சிவப்புக் கல்லில் பழைய பாலம். எஸ்தானில் ஊருக்கு மேலே ஒரு கோட்டை. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தானின் பெயரில் இந்த ஊர் வருகிறதே, அவர்கள் பரம்பரைச் சொத்தோ என்று கேட்பீர்கள். இல்லை. அவருடைய அப்பா 1922இல்தான் அந்தப் பின்பாதியைப் பெயரில் சேர்க்க அனுமதி வாங்கினார். மகன் 2005இல் கோட்டையையே வாங்கிவிட்டார்!

கடைசியில் கோன்க். இந்த ஊரின் செல்வமே ஒரு திருட்டில் வந்தது. ஃபுவா என்ற இளம் புனிதையின் எலும்புகள் அஜான் நகரில் இருந்தன. கோன்க்கிலிருந்து ஒரு துறவி அங்கே போய்ச் சேர்ந்து, பல வருஷம் நல்ல பிள்ளையாக இருந்து நம்பிக்கை சம்பாதித்து, 866 வாக்கில் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார் என்பது மரபு. அதன் பிறகுதான் யாத்திரிகர்கள் இந்த வழியாக வளைந்து வரத் தொடங்கினார்கள். அவற்றை வைக்க மரத்தில் செய்து பொன்தகடு வேய்ந்து, மணிகள் பதித்த சிலை ஒன்று செய்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ஜேயிலிருந்து வந்த பெர்னார் என்ற அறிஞர், இது சிலை வழிபாடல்லவா என்று முதலில் கேலி செய்தார். பிறகு மனம் மாறி, அந்தப் புனிதையின் அற்புதங்களைத் தானே எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்மக்கள் இந்தப் பொக்கிஷத்தை வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

கோன்க் கோயில் வாசலுக்கு மேலே அரைவட்டத்தில், உலக முடிவில் கடவுள் நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்கும் இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். 124 உருவங்கள். முழுவதையும் பார்க்க முயலாதீர்கள், கழுத்து வலிக்கும். ஆன்மாக்களை நிறுக்கும் தராசை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் வானதூதர், மறுபக்கம் பிசாசு. பிசாசு ஒரு விரலால் தன் தட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறது. கந்துவட்டிக்காரன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான். வளைவின் விளிம்பில், ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சின்னத் தலைகள் சில எட்டிப் பார்க்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை வேடிக்கை பார்ப்பவர்கள் என்கிறார்கள். இரவில் துறவி ஒருவர் வெளியே வந்து இந்தச் சிற்பங்களை விளக்குவார்; பிறகு உள்ளே ஆர்கன் வாசிப்பு.

உள்ளே 104 ஜன்னல்கள். ரோடெஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் 1987 முதல் 1994 வரை உழைத்துச் செய்தவை. நிறமே கிடையாது. வெளிக்காட்சி தெரியாத, ஆனால் வெளிச்சத்தைப் பரப்புகிற கண்ணாடி. வண்ணக் கண்ணாடி எதிர்பார்த்து வருபவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஓப்ராக்கில் மே மாதத்தில் கூடப் பனி கொட்டலாம், செப்டம்பர் நல்லது. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் பாரம்பரிய நாள்கள். 1984 முதல் நடக்கின்றன. மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் இடங்கள் பல அன்று திறந்திருக்கும். இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் வருவார்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். மதியம் கடைகள் சாத்திவிடும். திங்கட்கிழமை ரொட்டிக்கடை திறக்கும் என்று நம்பிப் பசியோடு போகாதீர்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோன்க்கில் ரயில் நிலையம் கிடையாது. ரோடெஸ் வந்து ரயில் பிடிக்கலாம். வண்டிக்கு நேரமிருந்தால் அந்த ஊரில் 2014இல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். கோன்க் ஜன்னல்களுக்காக அவர் போட்ட முன்வரைவுகள் அங்கே இருக்கின்றன. ஜன்னல்களைப் பார்த்துவிட்டு அவற்றைப் பார்ப்பதுதான் சரியான வரிசை.

நன்றி, வணக்கம்.