கணக்கில் வராத கடன்: இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிப்பின் வரவும் செலவும்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் இளங்கலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர்களும், அந்தச் செலவைச் சுமக்கப்போகும் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் பலர் இரண்டு எண்களைக் குறித்துவைத்திருப்பீர்கள். ஒன்று, படித்து முடித்தவர்களின் சம்பளம். மற்றொன்று, அவர்கள் தலையில் இருக்கும் கடன். சம்பளத்தைக் கடனால் வகுத்துப் பார்த்து, எந்தக் கல்லூரிக்கு விகிதம் நன்றாக வருகிறதோ அதுவே நல்ல கல்லூரி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தப் படிப்பைப் பொறுத்தவரை சம்பள எண் அவ்வளவாக ஏமாற்றாது. ஏமாற்றுவது கடன் எண்தான். ஆகவே என் பேச்சின் பெரும்பகுதி கடனைப் பற்றியது.

சம்பளத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்களின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும்) ஆண்டுச் சம்பளம் 101,140 டாலர். இதைப் புது பட்டதாரியின் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் சேர்ந்த நடு எண் இது. அதோடு, அந்தப் பதவிப் பெயரில் வேலை செய்பவர்கள் மட்டுமே இதில் வருவார்கள். இதே பட்டத்தோடு சப்ளை செயின், கன்சல்டிங், மருத்துவமனை நிர்வாகம் என்று போனவர்கள் வேறு கணக்கில் இருப்பார்கள்.

பட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டுமானால் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளம் இருக்கிறது. அதில் துறைவாரியாகத் தேடும்போது படிப்புக்குரிய குறியீட்டு எண்ணைக் கவனியுங்கள். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் 14.35. சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் 14.27. மேனுஃபாக்சரிங் இன்ஜினியரிங் 14.36. ஆனால் 15.06 என்று தொடங்கினால் அது இண்டஸ்ட்ரியல் புரொடக்‌ஷன் டெக்னாலஜி, வேறு படிப்பு. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, 'இந்தக் கல்லூரியில் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு' என்று குழம்புபவர்கள் உண்டு. சிறிய துறையாக இருந்தால், தனிநபர் விவரம் வெளியாகிவிடக் கூடாது என்பதற்காக எண்ணையே காட்ட மாட்டார்கள். எண் இல்லை என்றால் துறை மோசம் என்று பொருள் இல்லை. அந்தச் சம்பளம்கூட ஃபெடரல், அதாவது மத்திய அரசின், உதவி பெற்றுப் படித்தவர்களுடையது மட்டுமே. சொந்தக் காசில் படித்தவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இப்போது கடனுக்கு வருவோம்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு ஃபெடரல் கடன் முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டில் 6,500, மூன்றிலும் நான்கிலும் தலா 7,500. கூட்டினால் 27,000. நான்காண்டில் பொதுவாக அதற்கு மேல் சட்டம் கொடுக்காது. ஆகவே நான்காண்டில் முடிப்பவர்களின் மீடியன் கடன் என்று ஸ்கோர்கார்டின் ஒரு வரியில் நீங்கள் பார்க்கும் எண், கல்லூரி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், 27,000 டாலருக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோதான் நிற்கும். ஆண்டுக்கு 25,000 செலவாகும் கல்லூரியும் 70,000 செலவாகும் கல்லூரியும் அந்த வரியில் ஒரே மாதிரி தெரிவது இதனால்தான். மிச்சத்தை யார் எப்படிக் கட்டினார்கள் என்பது அந்த வரியில் இல்லை. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன் வேறு வரியில் இருக்கும். தனியார் வங்கிக் கடன் எந்த வரியிலும் இருக்காது.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். 2025-26 கல்வியாண்டுக்கு இளங்கலை ஃபெடரல் கடன் வட்டி 6.39 சதவீதம். நான்காண்டுக்கும் அதுவே என்று வைத்துக்கொண்டு, 27,000 டாலரைப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 305 டாலர். தொடக்கச் சம்பளம் 70,000 என்று வைப்போம். ஃபெடரல் வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமும் போக, மாதம் 4,800 டாலர் அளவுக்குக் கைக்கு வரும். மாநில வரி, காப்பீடு எல்லாம் அதற்குப் பிறகு. 305 என்பது அதில் ஆறு சதவீதம்தான். கடனே முழுக்க மானியமில்லாத வகை என்றால், படிக்கும்போதும் முடித்த பின் ஆறு மாத அவகாசத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் தவணை கட்டுமுன் சுமார் 4,200 டாலர் சேர்ந்துவிடும். அதையும் தாங்கலாம்.

இதோடு ஆண்டுக்கு 10,000 வீதம் நாற்பதாயிரம் பேரன்ட் பிளஸ் கடனைச் சேருங்கள். 2025-26 வட்டி 8.94 சதவீதம். கொடுக்கும்போதே 4.228 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். 10,000 கேட்டால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 9,577 டாலர். பத்தாண்டில் அடைக்க மாதம் 505 டாலர். இரண்டும் சேர்ந்து 810. அதே 4,800-இல் பதினேழு சதவீதம். சட்டப்படி அந்தக் கடன் பெற்றோருடையது. பிள்ளை கட்டுவான் என்பது வீட்டுக்குள் பேசிக்கொண்டது, அவ்வளவுதான். இத்தனைக்கும் மாணவரின் மீடியன் கடன் வரியில் இன்னமும் 27,000 என்றுதான் இருக்கும்!

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதில் சிலவற்றை மாற்றுகிறது. 2026 ஜூலை 1 முதல் பேரன்ட் பிளஸ் கடனுக்கு உச்சவரம்பு: மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. அன்று முதல் வாங்கும் கடன்களுக்கு வழக்கமான தவணைத் திட்டத்தின் காலமும் கடன் அளவைப் பொறுத்து மாறும். 25,000 முதல் 50,000 வரை இருந்தால் 15 ஆண்டு. அப்போது நம் 27,000-க்கு மாதத் தவணை 305-இலிருந்து 234-ஆக இறங்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 36,600-க்குப் பதிலாக 42,000 போயிருக்கும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அதனால் 234 என்று கேட்டாலும் 305 கட்டுங்கள். அதிகமாகக் கட்டும் தொகையை அடுத்த மாதத் தவணையாக வரவு வைக்காமல் அசலில் கழிக்கும்படி, கடனை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்த அரங்கில் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இருக்கக்கூடும். உங்கள் பிள்ளைக்கு ஃபெடரல் கடன் எதுவும் கிடையாது. நீங்கள் பார்ப்பது தனியார் கடன் மட்டும், அதற்கும் குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவரோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். ஸ்கோர்கார்டின் கடன் எண் உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை.

கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தை எப்படிப் படிப்பது? ஸ்காலர்ஷிப், கிராண்ட், கடன், கேம்பஸ் வேலை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கூட்டி 'மொத்த உதவி' என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022-இல் ஆராய்ந்தபோது, 91 சதவீதக் கல்லூரிகள் நிகரச் செலவைக் குறைத்துக் காட்டின, அல்லது காட்டவே இல்லை. ஒரு பென்சிலை எடுத்து, திருப்பித் தரவேண்டிய ஒவ்வொரு வரியையும் அடியுங்கள். மொத்தச் செலவிலிருந்து ஸ்காலர்ஷிப்பையும் கிராண்டையும் மட்டும் கழியுங்கள். பிறகு இரண்டு கேள்விகள்: ஸ்காலர்ஷிப் தொடர என்ன மதிப்பெண் வேண்டும்? மூன்றாம் ஆண்டில் பொறியியல் மாணவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா? முதலாண்டு கால்குலஸும் இயற்பியலும் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும் இடம் என்பதால் முதல் கேள்வி முக்கியம்.

பெரிய ஆபத்து ஐந்தாம் ஆண்டு. இந்தப் படிப்பில் பாடங்கள் சங்கிலியாகக் கோத்தவை. கால்குலஸ் 2 முடிக்காமல் நிகழ்தகவுப் பாடம் எடுக்க முடியாது. அது இல்லாமல் ஸ்டோகாஸ்டிக் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இல்லை. அது இல்லாமல் பல இடங்களில் சிமுலேஷன் இல்லை. அதன் பிறகுதான் கேப்ஸ்டோன் என்ற இறுதியாண்டு புராஜெக்ட். இவற்றில் சில பாடங்களைப் பல துறைகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தும். கால்குலஸ் 2-இல் தவறினால் நஷ்டம் ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு முழு ஆண்டாகிவிடலாம். ஒரு வேலை முடியும் நாளைத் தீர்மானிக்கும் மிக நீண்ட சங்கிலியைக் கிரிட்டிகல் பாத் என்று இதே துறையில் பாடம் நடத்துவார்கள். தன் பட்டத்துக்கே அதைப் போட்டுப் பார்க்கும் மாணவர் குறைவு. பணத்தின் காலமதிப்பைச் சொல்லித்தரும் இன்ஜினியரிங் எகனாமியும் பெரும்பாலும் பாதிக் கடனை வாங்கி முடித்த பிறகுதான் வரும், அது வேறு விஷயம்.

அந்த ஐந்தாம் ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து? சார்ந்திருக்கும் மாணவருக்கு ஃபெடரல் கடனின் மொத்த வரம்பு 31,000. ஏற்கெனவே 27,000 போய்விட்டது. மிச்சம் 4,000. அதற்கு மேல் வேண்டியதெல்லாம் அதிக வட்டியுள்ள பேரன்ட் பிளஸ்ஸிலும் தனியார் கடனிலும்தான் வரும். நான்காண்டு ஸ்காலர்ஷிப்பும் அதற்குள் முடிந்திருக்கும். போதாததற்கு, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் ஓராண்டுச் சம்பளமும் கைவிட்டுப் போகிறது. பட்டம் வாங்காமல் பாதியில் நிற்பவர் நிலை இதைவிட மோசம். கடன் அப்படியே இருக்கும், அதை அடைக்க வேண்டிய சம்பளம் இருக்காது. ஆகவே கல்லூரியிடம் நான்காண்டில் முடிப்போர் விகிதத்தைக் கேளுங்கள். வழக்கமாகச் சொல்வது ஆறாண்டு விகிதம்.

கோ-ஆப் என்ற, படிப்புக்கு நடுவே வேலை செய்யும் திட்டத்தின் மூலம் ஐந்தாண்டு ஆவது இதிலிருந்து வேறு. சம்பளத்தோடு செமஸ்டர் கணக்கில் தொழிற்சாலையிலோ கிடங்கிலோ வேலை செய்வார்கள். பல கல்லூரிகளில் அந்தச் செமஸ்டருக்கு ஃபீஸ் கிடையாது அல்லது மிகக் குறைவு. நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கோ-ஆப் செமஸ்டரில் மாணவரை முழுநேர மாணவராகப் பதிவு செய்கிறார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பாதிநேரத்துக்கும் கீழே போய் ஆறு மாதம் தாண்டினால், ஃபெடரல் கடனுக்கு முன்பு சொன்ன அந்த ஆறு மாத அவகாசம் அப்போதே தீர்ந்துவிடும். பிறகு படிப்புக்குத் திரும்பினால் தவணை மறுபடி நிற்கும், ஆனால் பட்டம் வாங்கியதும் அந்தக் கடன்களுக்கு அவகாசம் இருக்காது. வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பதிவாளரின் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.