பாராட்டும்போது செய்த வேலையையும் சொல்வோம்

வணக்கம் நேயர்களே.

பட்டமளிப்பு விழாக் காலம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரிசையாக வரும். முனைவர் பட்டம் வாங்கிய விரிவுரையாளர், இணைப் பேராசிரியராகப் பதவி உயர்ந்தவர், சிறந்த சேவை விருதோடு நிற்கும் அலுவலகப் பணியாளர் என்று பலர். படத்துக்குக் கீழே பெயரும் பட்டமும் இருக்கும். நாமும் உடனே வாழ்த்து அனுப்புவோம். அது நல்ல பழக்கம், அப்படியே தொடரட்டும். ஆனால் அவர் எதை ஆராய்ந்தார், எந்த வேலைக்காக அந்த விருது கிடைத்தது என்று கேட்பவர்கள் குறைவு. அறிவிப்பவர்களும் சொல்வதில்லை. கோலாலம்பூரில் பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

முனைவர் பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் விரிவுரையாளர்களில் பலர் வேலையை விடாமல்தான் அதைப் படித்து முடிக்கிறார்கள். பகல் முழுக்க வகுப்பு, விடைத்தாள், கூட்டம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ஆய்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலும் ஓய்வு கிடையாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் உள்ளிருக்கும் தேர்வாளரும் அதை வரி வரியாகப் படித்துவிட்டு, நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். திருத்தம் சொல்வார்கள். அதையும் முடித்துக் கொடுத்த பிறகுதான் பட்டம். ஆய்விதழில் ஒரு கட்டுரை வருவதும் அப்படித்தான். அனுப்பியவருக்குப் பெயர் தெரியாத அறிஞர்கள் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் எழுதி, சில நேரம் நிராகரிக்கப்பட்டு வேறு இதழுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். "கட்டுரை வெளியானது" என்ற இரண்டு சொற்களுக்குள் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

ஓர் ஆசிரியரின் சாதனை ஒரு சமூகத்துக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. யாழ்ப்பாணத் தீவான ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகளார் 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். 1964-இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக அவர் முன்னின்றார். இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரலில், முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. சென்னைக்கு அந்த மாநாடு 1968-இல்தான் போனது, பாரிசுக்கு 1970-இல். தமிழ்நாட்டுக்கும் முன்னால் நம் தலைநகரில் அது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதே 1966-இல், தமிழ் ஆய்வுக்கு உதவும் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் அவர் தொகுத்து மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார். மேடையில் கைதட்டல் கிடைக்காத வேலை இது. ஆனால் பின்னால் வந்த மாணவர்களுக்கு எந்த நூலிலிருந்து தொடங்குவது என்று காட்டியது இப்படிப்பட்ட வேலைதான்.

அந்த மாநாட்டுக் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. பல நாட்டு அறிஞர்களுக்கும் கடிதம் எழுதி, பதில்களை அடுக்கி, தாள்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து முடிக்கப் பல கைகள் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கைகளுக்கு உரியவர்களைத்தான் நாம் இன்றும் மறந்துபோகிறோம்.

சரி, இன்றைய பணியாளர்களுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் கருவியைச் சரிபார்த்து, மாணவர்கள் சோதனை தொடங்கும் முன்பே வந்து, எல்லாரும் போன பிறகு மூடிவிட்டுப் போகிற தொழில்நுட்பப் பணியாளர் இருக்கிறாரே, அவருக்கும் தொழில்முறை அங்கீகாரம் உண்டு. தொழில்நுட்பர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் சட்டம் 2015-இல் வந்தது. 768-ஆவது சட்டம் அது. அதன்படி அமைந்த மலேசியத் தொழில்நுட்பர் வாரியம், தகுதியும் அனுபவமும் உள்ளவர்களை மதிப்பிட்டுப் பதிவு செய்கிறது. தொழில்முறைத் தொழில்நுட்பர் தன் பெயருக்கு முன்னால் 'டிஎஸ்' என்று போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பப் பணியாளருக்கு 'டிசி'. விரிவுரையாளரின் 'டாக்டர்' போல அதுவும் உழைத்துப் பெற்றதுதான். ஆனால் இதற்காக எத்தனை பாராட்டு விழா பார்த்திருக்கிறோம்?

நூலகத்திலும் பதிவகத்திலும் வேலை பார்ப்பவர்களில், இளம் வயதில் படிப்பை விட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏபெல் (APEL) என்று சொல்லும் முன்அனுபவக் கற்றல் மதிப்பீடு அது. வேலையில் கற்றதை மதிப்பிட்டு, உயர்கல்வியில் சேர வழிவிடும் முறை. மலேசியத் தகுதிநிலை முகமையின் கீழ் இது நடக்கிறது. இளங்கலைக்கு 21 வயதைத் தாண்டியவர்களும், முதுகலைக்கு 30 வயதைத் தாண்டியவர்களும் தங்கள் வேலை அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும் அனுபவத் தொகுப்பும் இருக்கும், எளிதாகக் கிடைத்துவிடாது. நாற்பது வயதுக்கு மேல் அப்படி நுழைந்து பட்டம் முடிக்கும் ஓர் அலுவலகப் பணியாளரின் சாதனையை நான் எந்தப் பேராசிரியர் பதவிக்கும் குறைவாக எண்ணமாட்டேன்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை பாராட்டு அறிவிப்பு எழுதும்போது, பெயருக்குக் கீழே மூன்று நான்கு வரி சேருங்கள். என்ன கண்டுபிடித்தார், யாருக்கு அது உதவும், எத்தனை ஆண்டு எடுத்தது என்று தமிழில் எழுதுங்கள். டெங்கிக் கொசுவைப் பற்றியா, தோட்டப்புற முதியவர்களின் நினைவுகளைப் பற்றியா, எதுவாக இருந்தாலும் பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுத முடியும். எழுதுவதற்குக் கை தயங்கினால் அந்த ஆசிரியரையே கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார். பல பேரிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம், பொன்னாடைப் பட்டியலில் ஆய்வுக்கூடப் பணியாளரையும் நூலகப் பணியாளரையும் சேர்த்துவிடுங்கள்.

ஏபெல் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்பும் நேயர்கள், தகுதிநிலை முகமையின் இணையத்தளத்தில் மதிப்பீட்டு மையங்களின் பட்டியலைப் பாருங்கள். விண்ணப்பம் போடும் முன், நீங்கள் பார்த்த வேலைகளுக்கான கடிதங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.