நார்மன் அகஸ்டின் போட்ட கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் போர்விமானங்களின் விலை எப்படி ஏறுகிறது என்று ஒரு பொறியாளர் வரைபடம் போட்டுப் பார்த்தார். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. கோட்டை அப்படியே நீட்டினார். 2054-இல் நாட்டின் பாதுகாப்பு பட்ஜெட் முழுவதையும் கொட்டினாலும் ஒரே ஒரு விமானம்தான் கிடைக்கும். அதை விமானப்படையும் கடற்படையும் வாரத்துக்கு மூன்றரை நாள் வீதம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். லீப் வருடத்தில் மிஞ்சும் ஒரு நாள் மரைன் படைக்கு!

இப்படி எழுதியவர் வெளியே நின்று கிண்டலடித்தவர் அல்ல. அந்தத் தொழிலிலேயே ஊறியவர். பெயர் நார்மன் அகஸ்டின்.

1935-இல் டென்வரில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து, 1958-இல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அப்புறம் பாதுகாப்புத் துறை, மறுபடி தனியார் வேலை, எழுபதுகளில் ராணுவத் துறையின் துணைச் செயலர் பதவி. பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகனுக்கும் கம்பெனிக்கும் இடையே இப்படிப் போய்வருவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு.

1987-இல் மார்ட்டின் மரியட்டா என்ற பாதுகாப்புத் தளவாட நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பனிப்போர் முடிந்தபின், 1993-இல் பெண்டகனில் ஒரு விருந்து. இத்தனை கம்பெனிகளுக்கு இனி வேலை கொடுக்க முடியாது, பிழைக்கிற வழியைப் பாருங்கள் என்று தளவாடத் தொழிலதிபர்களிடம் சொல்லிவிட்டார்கள். அதற்கு ‘கடைசி இராவுணவு’ என்று பெயர் வைத்தவர் அகஸ்டின்தான். 1995-இல் அவருடைய கம்பெனி லாக்ஹீட் என்ற விமானக் கம்பெனியுடன் இணைந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆனது. அந்தத் தொழிலில் ஐம்பத்தொன்றாக இருந்த பெரிய ஒப்பந்ததாரர்கள் ஐந்தாகச் சுருங்கிவிட்டார்கள் என்று 2022-இல் பெண்டகனே கவலைப்பட்டது. போட்டி குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும்? விலை ஏறிப்போன எஃப்-35 போர்விமானத்தைப் பின்னாளில் கட்டியதும் லாக்ஹீட் மார்ட்டின்தான். 2054 கணக்கைப் போட்டவர் இதை நினைத்துச் சிரித்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1997-இல் ஓய்வுபெற்றார். பிரின்ஸ்டனில் பாடம் நடத்தினார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 1992 முதல் 2001 வரை தலைவராக இருந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அரசுக் குழுக்களில்தான். குழு அறிக்கை என்றாலே கிடப்பில் போடத்தான் என்று நமக்குப் பழகிவிட்டது. இவருடையவை அப்படி ஆகவில்லை.

2005-இல் அறிவியல் கல்வி பற்றிய ஒரு குழு. வருடத்துக்குப் பத்தாயிரம் கணித, அறிவியல் ஆசிரியர்களைச் சேர்க்கச் சொன்னது. அதையொட்டி 2007-இல் ஒரு சட்டமே வந்தது. எரிசக்தி ஆய்வுக்கென்று தனி முகமையும் அந்தச் சட்டத்தால் பிறந்ததுதான்.

2009-இல் நாசா விவகாரம். மறுபடி நிலவுக்குப் போகும் ‘கான்ஸ்டலேஷன்’ திட்டம் தடுமாறிக்கொண்டிருந்தது. ஒபாமா அரசு பத்துப் பேர் குழு அமைத்தது. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடும் அதில் இருந்தார். அகஸ்டின் குழு சுற்றிவளைக்கவில்லை. ஒதுக்குகிற பணத்துக்குப் பொருந்தாத இலக்குகளைத் துரத்துகிறீர்கள், இது ஆபத்தான பழக்கம் என்றது. பூமியின் பக்கத்துச் சுற்றுப்பாதையைத் தாண்டி மனிதர்களை அனுப்ப வேண்டுமானால் வருடத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் திட்டத்தைச் சுருக்குங்கள். நம்மூரில் விரலுக்கேற்ற வீக்கம் என்போமே, அதேதான். பக்கத்துச் சுற்றுப்பாதைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேலையைத் தனியாரிடம் விடலாம் என்றும் யோசனை சொன்னது. மறுவருடமே கான்ஸ்டலேஷனைக் கைவிடப்போவதாக அரசு அறிவித்தது. 2020-இல் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கலம் இரண்டு வீரர்களை ஏற்றிச் சென்றது.

எனக்கு அதிகம் பிடித்தது அண்டார்டிகா கதை. தென் துருவத்தில் அமெரிக்காவின் ஆய்வு நிலையம் 1975 முதல் ஒரு குவிமாடக் கூரைக்கு அடியில் இயங்கியது. அங்கே விழுகிற பனி உருகுவதில்லை, காற்றோடு வந்து குவிந்துகொண்டே இருக்கும். கட்டடம் புதைந்துகொண்டிருந்தது. இதை என்ன செய்வது என்பதற்கும் அகஸ்டின் தலைமையில்தான் குழு. புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்று 1997-இல் எழுதிக்கொடுத்தார்கள். 2008 ஜனவரியில் திறந்த புதிய நிலையம் தூண்களின் மேல் நிற்கிறது. காற்று அடியில் புகுந்து பனியை அடித்துக்கொண்டு போய்விடும். அதையும் மீறிக் குவிந்தால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தையே தூக்கிக்கொள்ளலாம்.

வணக்கம்.