தக்காளி இலைக்கருகல்: மருந்தைத் தேடும் முன் இலையைப் பாருங்கள்

வணக்கம். இன்று நேராகச் செடிக்கே போய்விடலாம். அடியில் தொங்குகிற இந்த இலையைப் பாருங்கள். கேமராவை இன்னும் கிட்டே கொண்டு போகிறேன். பழுப்புப் புள்ளிக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம், சுற்றிலும் மஞ்சள். அறுத்த மரத்தில் தெரிகிற வளையங்களைப் போலவே இருக்கிறது, இல்லையா? ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணத்தால் வரும் முன் இலைக்கருகல் இது. முதிர்ந்த அடி இலையில் தொடங்கி மேலே ஏறும்.

இந்த இன்னொரு இலையில் வளையமே கிடையாது. புள்ளிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கரும்பழுப்பு. வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். சாம்பலுக்கு நடுவே ஊசிமுனை அளவில் கறுப்புப் பொட்டுகள் தெரிகின்றனவா? பூஞ்சாணத்தின் வித்துகள் உருவாகும் கூடுகள் அவை. இது செப்டோரியா இலைப்புள்ளி. காயை அநேகமாகத் தொடாது. ஆனால் இலையெல்லாம் உதிர்ந்து செடி மொட்டையாகிவிட்டால், நிழலில்லாமல் காய் வெயிலில் வெந்து போகும்.

மூன்றாவது, பின் இலைக்கருகல். காட்டுவதற்கு இங்கே அது இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை! வெந்நீர் பட்டதுபோல் பெரிய திட்டுகள் விழும், தண்டும் கறுக்கும். காலையில் இலையைத் திருப்பினால் திட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே நோய்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களில் மொத்தப் பாத்தியையும் சாய்த்துவிடும். பூஞ்சாணம் என்று நாம் சொன்னாலும் இந்தக் கிருமி உண்மையான பூஞ்சாண இனத்தைச் சேர்ந்தது அல்ல.

இந்த வேறுபாடெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கார்பென்டாசிம் என்ற மருந்தைக் கண்ட புள்ளிக்கெல்லாம் அடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஆல்டர்னேரியாவையும் கட்டுப்படுத்தாது, பின் இலைக்கருகலையும் கட்டுப்படுத்தாது. மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தமே இல்லை.

இனி, என் கட்சி. இந்த நோய்களுக்குத் தீனி ஈரம். வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது, அது முளைத்து உள்ளே நுழைய இலை சில மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். மாலையில் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுகிறவர், இரவு முழுவதும் அந்த வாய்ப்பைத் தானே கொடுக்கிறார். வேருக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். சொட்டுநீர் இருந்தால் மிக நல்லது.

மண்ணை மூடாக்கு போட்டு மூடுங்கள். பழைய இலைக்குப்பையில் தங்கிய வித்துகள், மண்ணில் மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறுகின்றன. அதனால்தான் செடி நன்றாக வளர்ந்த பிறகு தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் வரை உள்ள இலைகளை நான் வெட்டிவிடுகிறேன். இலை காய்ந்திருக்கும்போது மட்டும் வெட்டுங்கள். ஈரச் செடியைத் தொட்ட கையே நோயை அடுத்த செடிக்குக் கொண்டு போகும். குச்சி ஊன்றி, இடைவெளி விட்டு, காற்று நடமாட வழி செய்யுங்கள். தழைச்சத்து குறைந்து வாடிய செடியை முன் இலைக்கருகல் எளிதில் பிடிக்கும் என்பதால் உரத்திலும் கவனம் வேண்டும்.

பயிர் சுழற்சி என்று தக்காளிக்குப் பிறகு கத்தரியோ உருளைக்கிழங்கோ வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு மூன்று ஆண்டுகளாவது பயறு, சோளம் என்று வேறு பக்கம் போங்கள்.

மருந்து வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேன்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்றவை இலையின் மேல் படிந்து காக்கிற தொடு மருந்துகள். விழுந்த புள்ளியை அவை ஆற்றாது. படாத இடத்துக்குக் காவலும் இல்லை, அடித்த பிறகு துளிர்த்த இலைக்கும் காவல் இல்லை. ஆகவே முதல் புள்ளி தெரிந்ததுமே தொடங்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். அசாக்சிஸ்ட்ரோபின் போல இலைக்குள் ஊடுருவும் மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும். வேறு வகை மருந்தோடு மாற்றி மாற்றி அடியுங்கள். அளவு லேபிளில் இருக்கிறது. 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது' என்ற கணக்கு வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

கடைசியாக, அடிக்கடி வருகிற ஒரு கேள்வி: இலை கருகிய செடியின் பழத்தைச் சாப்பிடலாமா? பழத்தில் நோய் இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து அடித்திருந்தால், லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள்.